கரண்ட் இல்லாத தெருவில் ஒரு விசிறி

ஒடாலிஸ் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட இடால்பெர்த்தோ இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். சண்டை என்றால் போய் மன்னிப்புக் கேட்கலாம், வாசலில் நின்று பாட்டுப் பாடி மானத்தை விடலாம், ஏதாவது செய்யலாம். ஆனால் அவள் புழுக்கம் தாங்காமல் போனவள். புழுக்கத்திடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது?

அந்த வருஷம் பயாமோ ஊரில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேக்காடு. ஒடாலிஸுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து போய் ஊர்க்காரர்களின் கையில் ஊசி குத்த வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருந்தவள் குத்துகிற ஊசி நரம்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் போய் நின்றது. அவள் அம்மா மிக்டாலியாவின் வீடோ மூன்று தெரு தள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே மின்கம்பியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கரண்டை நிறுத்த மாட்டார்கள். அதனால் மிக்டாலியாவுக்கும் நின்றதில்லை. அந்தக் கம்பியே தன் பிறந்த வீட்டுச் சீதனம் என்பதுபோல அவள் தெருவில் நடப்பாள்.

கிளம்பும்போது ஒடாலிஸ் கணவனின் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனாள்.

"எனக்குக் கோவமெல்லாம் இல்ல பெர்த்தோ. கரண்ட் இல்லாத ராத்திரில இந்த வீட்டுல ஒரு ஃபேன் சுத்தட்டும். அன்னைக்கே தலையணையோட வந்துடுறேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேலே சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அம்மா சொன்னாள். இடால்பெர்த்தோ ஊராட்சி வாத்தியக் குழுவில் ட்யூபா ஊதுபவன். ஆளைவிடப் பெரிய அந்தப் பித்தளைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூங்காவிலும் சவ ஊர்வலத்திலும் பும் பும் என்று ஊதுவதுதான் உத்தியோகம்.

"ஊருக்கெல்லாம் காத்து ஊதுறான் என் பொண்ணோட புருஷன்," என்று மிக்டாலியா காய்கறி வரிசையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு ராத்திரி காத்து குடுக்க வக்கில்ல."

பன்னிரண்டு வருஷமாக அவள் அவனை 'என் பொண்ணோட புருஷன்' என்றுதான் சொல்வாள். 'என் மாப்பிள்ளை' என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

இடால்பெர்த்தோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளில்லை. அதுதான் தொந்தரவே. பயாமோவில் ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் அதன் இடத்தில் கிடைக்கிற பொருளை வைத்து ஒப்பேற்றுவார்கள். ஊரே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் மற்றவர்கள் ஒப்பேற்றினால் ஓடும், இவன் ஒப்பேற்றினால் நடக்கும். போன வருஷம் துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரை வைத்து ஒரு விசிறி செய்தான். அது சுற்றியது, உண்மை. சுற்றிய வேகத்தில் தரையில் நகர்ந்து, வராந்தாவைக் கடந்து, படி இறங்கிக் கொய்யா மரத்தடியில் போய்க் கவிழ்ந்தது. இந்த வீட்டை விட்டுப் போன முதல் ஆள் அதுதான் என்று ஒடாலிஸ் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை அவன் யோசித்தே இறங்கினான். ஒரு பழைய ரஷ்யக் காரின் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறி அவனிடம் இருந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் சுற்றும். இரவல் பேட்டரியில் சோதித்துப் பார்த்தபோது அது வீசிய காற்றில் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ கழன்று விழுந்தது. மின்சார ஸ்கூட்டரில் ஓய்ந்துபோன ஒரு பேட்டரியைச் சித்தப்பா மகன் கொடுத்தான். இனி அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு கருவிதான் பாக்கி. சார்ஜர் கடையில் இல்லை. கடையே இல்லை என்றும் சொல்லலாம்.

ஆனால் செத்துப்போன கம்ப்யூட்டர்கள் ஊரில் ஏராளம். கம்ப்யூட்டர் செத்தாலும் அதற்குள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி லேசில் சாகாது. அப்படி ஒரு பெட்டி, குட்டி விசிறியும் வண்ண வண்ண வயர்களுமாக, அவனுக்குக் கிடைத்தது. அதைச் சார்ஜராக மாற்றும் படம் ஊரில் ஒவ்வொரு போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்த்தால்தான் பெட்டி விழிக்கும். சேர்த்தான், விழித்தது. மஞ்சள் வயரில் வருவது பன்னிரண்டு வோல்ட். பேட்டரி நிறைய வேண்டுமென்றால் பதினான்கு வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சின்னத் தடையை மாற்றிப் பதினான்காக்கினான். இடையில் ஒருமுறை, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் உள்ளே விரலை விட்டு, பெட்டி பிடுங்கிய பிறகும் கடிக்கும் என்று கற்றுக்கொண்டான். இந்தப் பெட்டிக்குச் சும்மா இருக்கவும் பிடிக்காது, கையில் வேலை இல்லாவிட்டால் படுத்துவிடும். அதனால் லாரியின் பக்கவிளக்கு பல்பு ஒன்றையும் அதே மஞ்சள் வயரில் மாட்டி எரியவிட்டான்.

எல்லாம் முடிந்தபோது படத்தில் ஒன்று மிச்சமிருந்தது. பேட்டரிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அம்பு, அதன் மூக்கில் ஒரு கோடு. டையோடு. ஒருவழிப் பாதையில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி, மின்சாரத்தைப் போக விடும், திரும்பி வர விடாது. அவன் ஊர் முழுக்கத் தேடினான். தேவைக்கேற்ற டையோடு யாரிடமும் இல்லை.

"போற கரண்ட் எதுக்குத் திரும்பி வரப்போவுது? அதுக்கு என்ன வேண்டுதலா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டையோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தான்.

பிறகு ஒடாலிஸுக்குச் சொல்லியனுப்பினான்: வீசுகிற காற்றில் கல்யாணப் போட்டோவே விழுந்துவிட்டது, சனிக்கிழமை சாயங்காலம் வா, வந்து காற்று வாங்கு.

சனிக்கிழமை விடிந்ததும் எதிர்வீட்டு எனெய்தாவின் குரல் தெருவைத் தூக்கிப் போட்டது.

"வந்துடுச்சூஊஊ!"

கரண்ட் வந்தால் தெருவே கத்தும், அது வழக்கம். ஆனால் ஒவ்வொரு தெருவிலும் முதலில் கத்துகிற ஒரு ஆள் உண்டு. இந்தத் தெருவில் அது எனெய்தா. அவளுக்கு முன்னால் யாராவது கத்திவிட்டால் அவர்களோடு ரெண்டு நாள் பேச மாட்டாள். வறுத்த கிழங்குருண்டை விற்கும் பெண், எல்லோரையும் 'என் உசுரே' என்று கூப்பிடுவாள், திட்டும்போதுகூட.

இடால்பெர்த்தோ பெட்டியைச் சுவரில் சொருகினான். பல்பு எரிந்தது. குட்டி விசிறி விர்ரென்றது. அளக்கும் மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவன் பேட்டரிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ட்யூபாவை மாட்டிக்கொண்டு குழுவின் ஒத்திகைக்குப் போனான்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய்விட்டது. வரும்போதுதான் ஊர் கத்தும். போகும்போது அவரவர் வீட்டுக்குள் ஒரு கெட்ட வார்த்தையோடு முடித்துக்கொள்வார்கள். பூங்காவில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அவன் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் விர்ரென்ற சத்தம். பல்பு எரிகிறது. குட்டி விசிறி சுற்றுகிறது. அந்த வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று சொல்ல வேறு எந்தப் பொருளும் உயிரோடு இல்லை. குளிர்பெட்டி வசந்த காலத்திலேயே நின்றுவிட்டது, டிவியின் பாகங்கள் மூன்று வேறு கருவிகளில் இருந்தன. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ட்யூபாவைத் துடைக்க ஆரம்பித்தான். இவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கிறதே, ஒடாலிஸ் வருகிற நாளுக்கு மின்சாரக்காரர்களே ஒத்துழைக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனான்.

அப்போதுதான் எனெய்தா, ஊறவைத்த அரிசியோடு, கரண்ட் எப்போது வரும் என்று ஏங்கிக்கொண்டு அவன் ஜன்னல் ஓரமாக வந்தாள். உள்ளே விசிறிச் சத்தம் கேட்டது. அவள் காது ரெண்டும் நிமிர்ந்தது. தனக்கு முன்னால் கரண்ட் வந்து, இவன் வீட்டில் விசிறியும் சுற்றி, தான் இன்னும் கத்தவில்லையே! அவள் மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து விட்டாள்.

"வந்துடுச்சூஊஊஊ!"

தெரு அலறியடித்து எழுந்தது. சோற்றுக் குக்கர்களைச் சொருகினார்கள். தண்ணீர் மோட்டாரைப் போட ஒருத்தன் மாடிக்கு ஓடினான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார்கள், ஒருத்தி தலையில் பாதி சோப்போடு குளியலறையிலிருந்து வந்து சுடுதண்ணீர்க் கம்பியை வாளியில் போட்டாள். பிறகு எல்லோரும் நின்றார்கள். குக்கர் எரியவில்லை. மோட்டார் உறுமவில்லை.

"எனெய்தா! எங்க வந்துச்சு? உன் வீட்டுக் கொல்லைக்கா?" என்று கத்தினான் குதிரைவண்டி ஓட்டும் ருபியேல். அவன் வீடு பக்கத்து வீடு. குதிரையைக் கட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றான், குதிரையும் பின்னாலேயே வந்தது.

"என் உசுரே, நான் பொய் சொல்வேனா? என் வாயால ஒரு தடவையாவது தப்பா கத்தியிருக்கேனா? காத வெச்சுக் கேளு!" என்று அவள் இடால்பெர்த்தோவின் ஜன்னலைக் காட்டினாள்.

தெருவே காதை வைத்துக் கேட்டது. விர்ர்ர்.

கதவைத் தட்டுகிற பழக்கம் அங்கே கிடையாது. நுழைந்துவிட்டார்கள். எரியும் பல்பையும் சுற்றும் விசிறியையும் பார்த்ததும் ருபியேல் இடுப்பில் கையை வைத்தான்.

"டேய் பெர்த்தோ. தெருவுல ஒருத்தனுக்கும் இல்ல, உனக்கு மட்டும் எப்படிடா? உண்மையச் சொல்லு. மாமியார் வீட்டு ஆஸ்பத்திரி லைன்ல இருந்து கம்பி இழுத்துட்டியா?"

"மூணு தெருவுக்கு எங்கடா கம்பி இழுக்குறது?" என்றான் இடால்பெர்த்தோ. "இருங்க, இருங்க. தெருவுல கரண்ட் இல்லையா?"

"நடிக்கிறான் பாரு, நடிக்கிறான் பாரு!"

ருபியேல் கூரையில் ஏறிவிட்டான். திருட்டுக் கம்பியைக் கண்டுபிடித்தேன் என்று மேலேயிருந்து கத்தினான். பிடித்து இழுத்ததில் ஒடாலிஸின் பழைய பாவாடை ரெண்டும் இடால்பெர்த்தோவின் வாத்தியக்குழுச் சட்டையும் கொடியோடு வந்தன. இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க அவன் குதிரைக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

கம்பி இல்லை என்று ஆனதும் சந்தேகம் மரியாதையாக மாறியது. எப்படி என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இந்த வீட்டில் கரண்ட் இருக்கிறது. இது போதாதா? வாசலில் ஒரு குரல், "கடைசி யாரு?" என்றது. அவ்வளவுதான். அந்த ஊரில் யாராவது 'கடைசி யாரு' என்று கேட்டுவிட்டால் எதற்கு என்று தெரிவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். போன், டார்ச் விளக்கு, முடி வெட்டும் மெஷின், தலையில் சோப்போடு நின்றவளின் சுடுதண்ணீர்க் கம்பி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அங்கே ரேஷனில் கோழி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அடுத்த தெருவிலிருந்தும் ரெண்டு பேர் பையோடு வந்து சேர்ந்தார்கள்.

மிக்டாலியா வந்து இறங்கியது அப்போதுதான். கையில் மூடி போட்ட தட்டில் அவரைச்சோறு. மருமகன் எப்படியும் தோற்பான், தோற்றவன் பசியோடாவது இல்லாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். வரிசையைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல அத்தை," என்றான் இடால்பெர்த்தோ. "உள்ள வாங்க."

எனெய்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. குக்கரோடு முன்னால் வந்தாள். முதலில் கத்தியவள் என்பதால் வரிசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. சுவரில் இருந்ததே ஒரே ஒரு சொருகும் இடம், அதில் பெட்டியின் வயர்.

"என் உசுரே, உன் பெட்டி செத்த நேரம் இளைப்பாறட்டும். என் சோறு வேகட்டும்," என்று சொல்லிக்கொண்டே அவன் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் குக்கரைச் சொருகினாள்.

குக்கர் எரியவில்லை.

ஆனால் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. குட்டி விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியின் வயரோ எனெய்தாவின் கையில், பிடித்த எலியைப்போல வாலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மிக்டாலியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கரண்டே இல்லாம ஓடுது," என்றான் ருபியேல் மெல்ல. பிறகு ஓங்கி, "கரண்டே இல்லாம ஓடுதுடா! கரண்ட் இல்லாத கரண்ட் கண்டுபிடிச்சிட்டான் நம்ம பெர்த்தோ!"

அந்த அறையில் விஷயம் புரிந்தது ஒரே ஒருவனுக்குத்தான். போற கரண்ட் எதுக்குத் திரும்பி வரப்போவுது என்று கேட்டானே, அதற்குப் பதில் அவன் கண்முன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டி பேட்டரிக்கு ஊட்டவில்லை. பேட்டரிதான் மத்தியானத்திலிருந்து பெட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. செம்புக் கம்பி வழியாகத் திரும்பி வந்து லாரி பல்பை எரித்து, குட்டி விசிறியைச் சுற்றி, ராத்திரி ஒடாலிஸுக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஊர் வேடிக்கை பார்ப்பதற்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

பேட்டரியைக் கவ்வியிருக்கும் வயரின் ஒரே ஒரு கிளிப்பைக் கழற்றினால் போதும். மிச்சமிருப்பது தப்பிக்கும். அவன் கையை நீட்டினான்.

"தள்ளுங்க எல்லாரும்!" என்று ஒரு குரல் கேட்டது. மிக்டாலியா. தட்டை ட்யூபாவின் மேல் வைத்துவிட்டு, முந்தின நிமிஷம்வரை அவன் பக்கம் திரும்பாத முகத்தைத் திருப்பி, அவன் தோளில் கையைப் போட்டாள். "மூச்சு விட இடம் குடுங்க. இது யாருன்னு தெரியுமில்ல? என் மாப்பிள்ளை!"

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த சொல். அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள் 'அது ஒரு துண்டுக் கம்பி செய்த தப்பு அத்தை' என்று எவன் சொல்வான்? இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும் என்று நினைத்தான். மனுஷன்தானே.

ரெண்டு நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மிக்டாலியா வரிசையில் நின்றவர்களுக்கு மருமகனின் குழந்தைப் பருவத்தை, தான் பார்க்காத குழந்தைப் பருவத்தை, விளக்கிக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுலயே மூளைக்காரன். நான் அன்னைக்கே சொன்னேன் ஒடாலிஸ்கிட்ட, இவன விட்டுடாதடின்னு." ருபியேல், தன் வண்டிக்கு இப்படி ஒரு பெட்டி செய்து கொடுத்தால் குதிரையைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாமே என்று கேட்டான். எனெய்தா வேகாத அரிசியைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் முதலில் கேட்டது தன் காதுதான் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள். இடால்பெர்த்தோ எல்லோருக்கும் சிரித்தான், ஒரு கண் மட்டும் பல்பிலேயே இருந்தது. வெள்ளையாக எரிந்த பல்பு முட்டைக்கருவின் நிறத்துக்கு இறங்கியது. கிளிப்பின் பக்கம் நாலைந்து முறை போனான். ஒவ்வொரு முறையும் யாராவது அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

இருட்டும் நேரத்தில் ஒடாலிஸ் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்த வெள்ளைக் கோட்டு, களைத்த கண். இடால்பெர்த்தோ முதலில் அவள் கையைப் பார்த்தான். தலையணை இல்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்திருக்கிறாள்.

"உன் புருஷன் என்ன செஞ்சிருக்கான் தெரியுமாடி!" என்று அம்மா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "கரண்ட் இல்லாமலே ஓடுது. எங்க தெருவுல ஒருத்தனுக்கு வருமா இந்த மூளை?"

ஒடாலிஸ் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லும்போது காது சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது பல்பை அணைத்தாலும் அந்தக் காது வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம்.

"ஃபேனப் போடு பெர்த்தோ," என்றாள்.

அவன் ரஷ்யக் கார் விசிறியைக் கட்டிலுக்கு எதிரே தூக்கி வைத்தான். பெட்டியின் கிளிப்பைக் கழற்றினான், பல்பு அணைந்தது, குட்டி விசிறி நின்றது. பெரிய விசிறியின் வயர்களைப் பேட்டரியில் வைத்தான். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று மிக்டாலியா தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். ருபியேல் தொப்பியைக் கழற்றினான்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் பாதிச் சுற்று யோசித்தது. பிறகு 'உம்' என்று முனகிவிட்டு நின்றுவிட்டது.

வெளியே வரிசையில் கோழிக்காக நின்றவர்களில் ஒருத்தர், "கோழி எப்பதான் வரும்?" என்றார்.

இடால்பெர்த்தோ கட்டிலில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டையோடு கிடைக்காததையும், செம்புக் கம்பி வைத்ததையும், பேட்டரி ரத்தம்போல வடிந்துகொண்டிருக்கிறது என்று எனெய்தா வயரைப் பிடுங்கியபோதே தெரிந்துவிட்டதையும்.

"தெரிஞ்சப்பவே ஏன் கழட்டல?" என்று கேட்டாள் ஒடாலிஸ்.

"உங்கம்மா 'என் மாப்பிள்ளை'ன்னு சொன்னாங்க," என்றான் அவன். "இன்னொரு தடவ சொல்வாங்களான்னு பாத்தேன்."

முதலில் சிரித்தது குதிரைவண்டிக்காரன். பிறகு அறையே சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரைச்சோற்றின் மூடியைத் திறந்து பார்த்த மிக்டாலியா, தலை தொங்கிய இடால்பெர்த்தோ, எனெய்தா. எனெய்தா அழுதுகொண்டிருந்தாள்.

"என் வாய இப்படி ஒரு பெட்டி பொய்யாக்கிடுச்சே," என்றாள். "இனிமே இந்தத் தெருவுல நான் கத்தவே மாட்டேன். சத்தியம்."

வரிசை கலைந்தது. கூட்டம் குக்கர்களோடும் போன்களோடும் வாசலில் தேங்கி நின்று, ருபியேல் கொடியைத் திருட்டுக் கம்பி என்று இழுத்ததை மறுபடி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. இடால்பெர்த்தோ அசையவில்லை. அவனுக்கு அவமானம்கூடப் பெரிதில்லை. தலையணை இல்லாமல் வந்தவள் அப்படியே திரும்பிப் போவாளே, அதுதான் பெரிது.

ஒடாலிஸ் போகவில்லை. குனிந்து, நின்றுபோன குட்டி விசிறியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப இருந்து சுத்துச்சு?"

"மத்தியானத்துல இருந்து."

"அந்த லாரி பல்பையும் எரிச்சுக்கிட்டா?"

"ஆமா."

"பல்பு இல்லாம, இது மட்டும்னா?"

இடால்பெர்த்தோ தலையை நிமிர்த்தினான். கணக்குப் போட ஆரம்பித்தான். பல்புதான் தின்று தீர்த்தது. இந்தக் குட்டி விசிறி மட்டும் என்றால், ஒரு மடக்கு மின்சாரம் போதும் அதற்கு. "பேட்டரில கொஞ்சம் ஏறுனாக்கூட விடியுற வரைக்கும் சுத்தும்," என்றான். "அதுக்கப்புறமும் சுத்தும். ஆனா அது உள்ளங்கை அளவுதான் இருக்கு ஒடாலிஸ்."

"நான் ஃபேன் சுத்தட்டும்னுதான சொன்னேன்? கல்யாணப் போட்டோ விழுற அளவுக்குச் சுத்தட்டும்னா சொன்னேன்?"

அந்த நேரம் பார்த்து, சும்மா கிடந்த பெட்டி விர்ரென்றது. பல்பு பளிச்சென்று எரிந்தது. எனெய்தா குக்கரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனபோது, பழக்க தோஷத்தில் பெட்டியின் வயரை மறுபடி சுவரில் சொருகிவிட்டுத்தான் போயிருந்தாள். பேட்டரியின் கிளிப்போ தரையில் கிடந்தது. அப்படியானால் இது திருட்டு வெளிச்சம் இல்லை. அசல்.

"வந்துடுச்சு," என்றான் இடால்பெர்த்தோ.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எரிகிற பல்பைப் பார்த்தார்கள், மறுபடி சிரித்தார்கள். "போதும்டா பெர்த்தோ!" என்றான் ருபியேல். எனெய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் உண்மையாகவே கரண்ட் வந்திருக்கிறது, நம்ப ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டிலும் விளக்குச் சுவிட்சைப் பகலிலேயே அணைத்துவிட்டு இந்த வேடிக்கைக்கு வந்திருந்தார்கள்.

மிக்டாலியா மட்டும் எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். தெருக்கோடியில் ஒற்றை விளக்கு மினுக்கி மினுக்கிப் பற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பியில் குடியிருப்பவளுக்குக் கரண்ட் போனதே இல்லை. போகாதவளுக்கு எங்கே வரும்? ஊர் முழுக்கக் கத்துகிற அந்தக் கத்தலை இத்தனை காலமும் மூன்று தெரு தள்ளிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் அவள். ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

"வந்துடுச்சூஊஊஊஊ!"

எனெய்தாவே அசந்துபோனாள். ருபியேலின் குதிரை கனைத்தது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கத்தல் பற்றிக்கொண்டு போனது. எல்லோரும் வீட்டைப் பார்க்க ஓடினார்கள், குக்கர்கள் எரிந்தன, மாடியில் மோட்டார் உறுமியது. மிக்டாலியா முகமெல்லாம் சிவந்து, சின்னப் பெண்போல மூச்சு வாங்கினாள்.

"அடுத்த தடவ போச்சுன்னா எனக்குச் சொல்லியனுப்பு மாப்ள," என்றாள். "நானே வந்து கத்துறேன்."

அவன் காது மறுபடி சிவந்தது. இந்த முறை பொய் இல்லை.

"அம்மா," என்றாள் ஒடாலிஸ், "அப்படியே ருபியேல் வண்டில என் தலையணைய அனுப்பி விடு."

கிளிப்பை மறுபடி மாட்டியதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறியது. டையோடு இல்லாத குறைக்கு அன்று இடால்பெர்த்தோவே டையோடாக இருந்தான். பெட்டியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கிளிப்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்பார்த்தபடியே, சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. மின்சாரம் ஒரு சொட்டுத் திரும்புவதற்குள் கிளிப்பைக் கழற்றிவிட்டான். பிறகு பெட்டியைத் திறந்து குட்டி விசிறியை வெளியே எடுத்தான். கரண்ட் இருக்கும்போது அது பெட்டிக்கு, இல்லாதபோது பெண்டாட்டிக்கு என்று ஏற்பாடு. கட்டிலின் தலைமாட்டில் பேட்டரியோடு அதைக் கட்டினான்.

அது சுற்றியது. காற்றும் வந்தது, நிஜமான காற்று. ஆனால் உள்ளங்கை அளவு விசிறியின் காற்று ஒரு முகத்துக்குத்தான் காணும். இடால்பெர்த்தோ தள்ளிப் படுத்து, வியர்த்துக்கொண்டு, அவள் முடி அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்ன பண்ற?" என்றாள் ஒடாலிஸ், கண்ணைத் திறக்காமல். "வா இங்க. ஒரே தலையணைல வெச்சா ரெண்டு மூஞ்சிக்கும் பத்தும்."